திரும்பச் சொல்லும் குரல்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு ஊருக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் ரயிலைத் தவிர வேறு நினைவு வராது. தில்லியிலிருந்து புறப்படுகிறவர்கள் கூஜாவும் படுக்கையும் கட்டுச்சோறுமாகக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு இரவுகளை வண்டியிலேயே கழிப்பார்கள். இன்று ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் வான்வழியை மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறோம். தாயாருக்கு உடல்நலமில்லை என்று காலையில் செய்தி வந்தால், மாலைக்குள் அவர் கட்டிலருகே நிற்க முடிகிறது. விமானத்தின் உறுதி, விமானியின் பயிற்சி, வானிலை அறிவு ஆகிய பலவும் சேர்ந்து இந்த வசதியை நமக்கு அளிக்கின்றன. இவற்றோடு பிரயாணிகளின் காதில் விழாத ஒன்றும் உண்டு. தரையிலிருக்கும் ஒருவரும் வானிலிருக்கும் ஒருவரும் ஓயாமல் பேசிக்கொள்ளும் பேச்சே அது.

அப்பேச்சு எவ்வாறு நடைபெறுகிறது, அதன் சொற்கள் ஏன் அவ்வாறு அமைந்தன, ஒரு சொல் பிசகியபோது என்ன நேர்ந்தது, விபத்துச் செய்திகளை நாம் எந்த மனநிலையில் படிக்க வேண்டும் என்பனவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

குரல்களின் சங்கிலி

1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சிறு விமானத்தில் ரேடியோ இல்லை. ஆற்றையும் ரயில் பாதையையும் கண்ணால் பார்த்து வழியறிந்து செல்ல வேண்டியதுதான். வானில் விமானங்கள் அரிதாயிருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

இன்று தில்லியில் புறப்படும் ஒரு விமானம் சென்னையில் இறங்குமுன் பல குரல்களின் கைமாறிச் செல்கிறது. முதலில் ஒருவர் அது செல்ல வேண்டிய வழியையும் உயரத்தையும் படித்துக் காட்டி அனுமதி அளிக்கிறார். மற்றொருவர் அது நிற்குமிடத்திலிருந்து ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்ல வழி சொல்கிறார். ஓடுபாதை, கோபுரத்தில் இருப்பவரின் பொறுப்பு. அவர் அனுமதியின்றி எவரும் அதனுள் நுழையலாகாது. மேலே எழுந்தபின் ராடார் திரையின் முன் அமர்ந்திருப்பவர் ஏற்றுக்கொள்கிறார். இந்தியாவின் வான்வெளி தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தில்லி வட்டாரத்தார் மும்பை வட்டாரத்தாரிடமும், அவர்கள் சென்னை வட்டாரத்தாரிடமும் விமானத்தை ஒப்படைப்பார்கள். ஒவ்வோர் ஒப்படைப்பிலும் விமானி அலைவரிசையை மாற்றிக்கொண்டு, புதிய குரலுக்கு வணக்கம் கூறித் தம் பெயரையும் உயரத்தையும் அறிவிப்பார். இப்பணியை நம் நாட்டில் நடத்துவது 1995 இல் அமைக்கப்பட்ட இந்திய விமான நிலைய ஆணையம்.

இப்பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் நடைபெறுகிறது. நம் வீட்டுப் பண்பலை வானொலி 108 இல் முடிகிறது. அதற்குச் சற்று மேலே விமானங்களின் உலகம் தொடங்குகிறது என்று கொள்ளலாம். இவ்வலைகள் நேர்கோட்டில் செல்பவை. ஆதலால் 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் வரை கேட்கும். தரையில் நிற்பதன் குரலோ சில கிலோமீட்டரில் கட்டிடங்களுக்குப் பின்னே மறைந்துவிடும்.

ஓர் அலைவரிசையில் பத்து விமானங்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். விட்டபின் கேட்க வேண்டும். இருவர் ஒரே கணத்தில் அழுத்திவிட்டால் இரண்டு பேச்சும் கலந்து ஒரு கீச்சொலி எழும். பண்பலை முறை இதைவிடத் தெளிவானதாயிற்றே, விமானங்கள் ஏன் அதற்கு மாறவில்லை என்று சிலர் கேட்கலாம். பண்பலையில் வலிய குரல் மெலிய குரலை முற்றும் விழுங்கிவிடும். இரண்டாமவர் பேசினார் என்பதே தெரியாது. பழைய முறையிலோ கீச்சொலியாவது கேட்கும். யாரோ குறுக்கே பேசினார் என்று தெரிந்து மறுபடியும் கேட்கலாம். தெளிவான மௌனத்தைவிடக் கரகரப்பான எச்சரிக்கை மேலானது என்பதே இதற்குக் காரணம்.

சொற்களைத் தேர்ந்தெடுத்த விதம்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது செல்வம். விமானப் பேச்சில் அதுவே அபாயம். அங்கே ஒரு பொருளுக்கு ஒரே சொல், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது விதி.

எண்களின் தொல்லை, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு நன்கு தெரிந்ததே. தில்லிக்கு வந்த புதிதில் காய்கறிக் கடையில் ‘பச்சீஸ்’ என்றாரா ‘பச்சாஸ்’ என்றாரா என்று திகைக்காத தமிழர் குறைவு. முன்னது இருபத்தைந்து, பின்னது ஐம்பது. கடையில் இந்தப் பிசகால் நேரும் நஷ்டம் இருபத்தைந்து ரூபாய். வானில் அவ்வாறு கணக்கிட முடியாது. ஆகவே விமான ரேடியோவில் எண்களை ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்தே பெரும்பாலும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் உச்சரிக்கச் சொல்கிறது சர்வதேச விதி.

எழுத்துகளுக்கும் இவ்வாறே தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று செல்லும் வரிசையைப் பல மொழி பேசுவோரிடம் சோதித்துப் பார்த்து 1956 மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலியட் என்ற பெயரின் இறுதியில் ஒற்றை ‘ட்’ இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஒலிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று கருதி இரட்டை எழுத்திட்டு எழுதினார்கள் என்றால், எடுத்துக்கொண்ட கவனம் விளங்கும். இந்திய விமானங்களின் பதிவுக் குறி ‘வி. டி.’ என்று தொடங்கும். ரேடியோவில் அது ‘விக்டர் டாங்கோ’ ஆகிவிடும்.

‘ரோஜர்’ என்ற சொல்லைத் திரைப்படங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு ‘சரி’ என்றோ ‘ஆம்’ என்றோ பொருள் கொள்வது தவறு. ‘நீர் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்குக் கிடைத்தது’ என்பது மட்டுமே அதன் பொருள். சொன்னபடி செய்வேன் என்பதற்கு ‘வில்கோ’ என்று வேறொரு சொல் இருக்கிறது. ஆம் என்பதற்கு ‘அஃபர்ம்’. இல்லை என்பதற்கு ‘நெகடிவ்’. உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது மும்முறை கூறும் ‘மேடே’ என்பதற்கும் மே தினத்துக்கும் தொடர்பில்லை. 1923 ஆம் ஆண்டளவில் லண்டனுக்கு அருகே குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாயிருந்த மாக்ஃபோர்ட் என்பவர், பாரிஸ் பக்கத்து விமானிகளுக்கும் எளிதில் புரியும்படி, ‘எனக்கு உதவுக’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி இதை அமைத்தார்.

திரும்பச் சொல்லும் முறை

இச்சொற்கள் எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்பு ஒரு பழக்கம். கட்டளை பெற்றவர் அதைத் தம் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். ‘ஓடுபாதை 28க்கு முன்னே நில்லுங்கள்’ என்று கோபுரத்தார் கூறினால், ‘ஓடுபாதை 28க்கு முன்னே நிற்கிறோம்’ என்று விமானி தம் அடையாளப் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் ‘ரோஜர்’ செல்லாது. அதிகாரி மறுபடியும் கேட்பார். ஓடுபாதைக்குள் நுழைதல், அதைக் கடத்தல், எழுதல், இறங்குதல், உயரம், திசை, வேகம், உயரமானியைத் திருத்தும் காற்றழுத்த எண் ஆகிய அனைத்தையும் இவ்வாறு திரும்பச் சொல்லியாக வேண்டும். நம் ரயில்வேயில் இரு நிலைய அதிகாரிகள் ஒரு வண்டிக்கு வழி விடும்போது இரகசிய எண்களைப் பரிமாறி உறுதி செய்துகொள்வதும் இதைப் போன்றதொரு ஏற்பாடுதான்.

இதில் இருவருக்கும் கடமை உண்டு. விமானி திரும்பச் சொல்ல வேண்டும். தரையிலிருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். இரண்டாவது கடமை தவறினால் முதலாவதால் பயனில்லை. 1989 பிப்ரவரி 19 இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஒரு சரக்கு விமானத்தின் கதை இதற்குச் சான்று. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டளை. அதிகாரி அதை ‘இறங்குக, இரண்டு நான்கு சுழி சுழி’ என்று ஆங்கிலத்தில் இலக்கம் இலக்கமாகக் கூறினார். ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்னும் சொல்லும், வேற்றுமை உருபாகிய ‘கு’வுக்கு ஈடான சொல்லும் ஒரே ஒலியுடையவை. ‘400க்கு இறங்குக’ என்று விமானி எடுத்துக்கொண்டார். ‘நான்கு சுழி சுழி’ என்று திரும்பவும் கூறினார். பிழை அங்கே வெளிப்பட்டுவிட்டது, அதைப் பிடிப்பாரில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி கூவியும் விமானம் தாழ்ந்துகொண்டே சென்று ஒரு குன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். ‘இரண்டாயிரத்து நானூறு அடி’ என்று சொல்லியிருந்தால் அந்த ஐயத்துக்கே இடமிருந்திராது.

இரண்டு பெரும் பாடங்கள்

1977 மார்ச் 27 இல் கானரித் தீவுகளில் நிகழ்ந்தது விமான வரலாற்றிலேயே மிகப் பெரிய விபத்து. அருகிலிருந்த தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனரிஃப் தீவுக்குத் திருப்பப்பட்டன. அங்கே ஒரே ஓடுபாதை, அதன்மேல் மூடுபனி. கே. எல். எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் முனையில் புறப்படத் தயாராக நின்றது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மற்றொரு 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை. கோபுரத்தார் இரண்டையுமே பார்க்க முடியவில்லை. தரையைக் காட்டும் ராடாரும் அங்கில்லை.

டச்சு விமானத்துக்கு மேலே எழுந்தபின் செல்ல வேண்டிய வழி மட்டுமே சொல்லப்பட்டது. அந்த வாசகத்துக்குள் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. எழுவதற்கான அனுமதியே கிடைத்துவிட்டதாகக் கொண்டு தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கினார். துணை விமானி, ‘நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்று பொருள்படும் இருபொருள் தொடர் ஒன்றைக் கூறினார். எழுவதற்குத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தார் கொண்டு ‘ஓ.கே.’ என்றார். உடனே ‘காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றும் சேர்த்தார். அதே நொடியில் அமெரிக்க விமானியும், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று கூறப் பொத்தானை அழுத்தினார். காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு வாசகங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழ, டச்சு விமானத்தில் கேட்டது பெரும்பாலும் கீச்சொலியே. அவ்விமானத்தின் பொறியாளர் மட்டும் ஐயுற்று, ‘அவர்கள் பாதையை விட்டு விலகிவிட்டார்களா?’ என்று கேட்டார். விலகிவிட்டார்கள் என்று உறுதியாகப் பதில் வந்தது. 583 பேர் மடிந்தனர். 61 பேர் பிழைத்தனர்.

அன்று முதல் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை எழுவதற்கு அனுமதி தரும்போதும், அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும் என்று விதியாயிற்று. மற்ற இடங்களிலெல்லாம் ‘புறப்பாடு’ என்னும் பொருளுடைய வேறு சொல்தான். நம் விமான நிலையங்களில் இன்று நிமிடந்தோறும் கையாளப்படும் இந்தச் சொல் விலக்கு அத்தனை உயிர்களைக் கொடுத்து வாங்கியதாகும்.

மற்றொரு பாடம் 1990 ஜனவரி 25 இல் கிடைத்தது. கொலம்பிய நாட்டின் ஆவியாங்கா நிறுவனத்து விமானம் நியூயார்க்கின் வானில் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி ‘முன்னுரிமை’ கேட்டார். எரிபொருள் குறைந்துவருவதாகவும் கூறினார். ஆனால் ‘மேடே’ என்றோ ‘அவசர நிலை’ என்றோ கூறவில்லை. அச்சொற்கள் ஒலித்திருந்தால் எல்லா விமானங்களையும் விலக்கி அதற்கு வழி விட்டிருப்பார்கள். அவை இல்லாமையால் அது பலவற்றுள் ஒன்றாகவே நடத்தப்பட்டது. பொறிகள் அணைந்து விழுந்த அவ்விமானத்தில் 158 பேரில் 73 பேர் இறந்தனர். பணிவும் தயக்கமும் நல்ல குணங்களே. ஆபத்து வேளையில் அவை உரிய சொல்லை மறைத்துவிடக்கூடாது.

சர்க்கி தாத்ரி

நம் நாட்டின் பாடம் இவற்றினும் நுட்பமானது. 1996 நவம்பர் 12 அன்று மாலை ஆறரை மணிக்குச் சற்றுப்பின் சவூதி விமானம் ஒன்று தில்லியிலிருந்து தஹ்ரானுக்குப் புறப்பட்டது. பிழைப்புத் தேடி வளைகுடாவுக்குச் செல்லும் இந்தியத் தொழிலாளர்கள் பலர் அதில் இருந்தனர். அதே நேரத்தில் கஜகஸ்தானின் சிம்கெண்ட் நகரிலிருந்து ஓர் இல்யூஷின் விமானம் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படையின் பொறுப்பில் இருந்தமையால், வருகைக்கும் புறப்பாட்டுக்கும் அன்று ஒரே வழிதான். மேலேறும் விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். இறங்கும் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். இடையில் ஆயிரம் அடி.

தில்லியில் அப்போதிருந்த ராடார் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்தை விமானியின் வாய்ச்சொல்லால்தான் அறிய வேண்டும். கஜக் விமானம் 15,000 அடியை அடைந்துவிட்டதாகச் சொல்லிற்று. எதிரே சவூதி விமானம் வருவதை அதிகாரி எச்சரித்தார். ரேடியோவில் கேட்ட பேச்சு சரியாகவே இருந்தது. விமானமோ 15,000 அடியில் நிற்காமல் தாழ்ந்துகொண்டே வந்தது. சர்க்கி தாத்ரி என்னும் அரியானா ஊருக்கு அருகே, வயல்களுக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அவ்வழியே வந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானத்திலிருந்தவர்கள் மேகத்தினூடே பேரொளி ஒன்றைக் கண்டு தெரிவித்தபோதுதான், திரையிலிருந்து இரண்டு புள்ளிகள் மறைந்ததன் பொருள் விளங்கிற்று.

நீதிபதி லகோட்டி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, கஜக் விமானம் தனக்குக் குறித்த உயரத்தைக் காக்கத் தவறியதே காரணம் என்று முடிவு செய்தது. விமானிக்குப் போதிய ஆங்கிலம் இல்லாமையையும், ஓட்டுநர் அறையில் ஒருவரோடொருவர் ஒத்துழைப்புக் குறைந்திருந்ததையும் சுட்டிக்காட்டியது. அந்த விமானத்தில் தரையோடு பேசுவதற்கென்றே தனியாக ஒரு ரேடியோ அலுவலர் இருந்தார். அவர் கேட்டுச் சொன்னால்தான் விமானிகளுக்குக் கட்டளை முழுமையாக எட்டும். அவருக்கென உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். மேலும் அவர்கள் மீட்டர் கணக்கில் பழகியவர்கள். இங்கோ அடிக் கணக்கு. இறுதி நொடிகளில் உயரம் பிசகியிருப்பதைக் கண்டு மேலே ஏறும்படி சொன்னவரும் அவரே. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தில்லியிலிருந்து விமானத்தின் ரேடியோ வரை பல மைல் தூரம் பிழையின்றி வந்த சொல், ரேடியோ அலுவலரின் காதிலிருந்து விமானியின் கை வரையுள்ள சில அடித் தூரத்தில் தவறிவிட்டது. திரும்பச் சொல்வது நாவின் பழக்கமாக மட்டும் நின்றுவிட்டால் போதாது; பொருள் உணர்ந்து சொல்ல வேண்டும் என்பதே சர்க்கி தாத்ரி காட்டிய உண்மை.

அதன்பின் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனி வழிகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் திரையில் காட்டும் ராடார் வந்தது. எதிர்வரும் விமானத்தை உணர்ந்து தானே எச்சரிக்கும் கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமாக்கப்பட்டது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் மொழித் தேர்வை ஏற்படுத்தி, 2008 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆறு படிகளில் நான்காவது படியையாவது எட்ட வேண்டும். அதில் நிற்பவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் தேற வேண்டும். இலக்கணச் சுத்தத்தைவிட, எதிர்பாராத நிலையை எளிய சொற்களில் விளக்கவும், புரியாதபோது கூசாமல் மீண்டும் கேட்கவும் வல்லவரா என்பதே அங்கே முக்கியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வட்டார வழக்கை விட்டுப் பொதுச் சொற்களில் நிதானமாகப் பேசக் கடமைப்பட்டவர்கள்.

குற்றமும் காரணமும்

விபத்து நேர்ந்தவுடன் ‘யார் செய்த குற்றம்?’ என்று கேட்பது மனித இயல்பு. விமான விபத்து ஆராய்ச்சி அக்கேள்வியை வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கிறது. மீண்டும் நேராமல் தடுப்பதே ஆராய்ச்சியின் ஒரே நோக்கம். பழி சுமத்துவதோ பொறுப்புக் கட்டுவதோ அன்று என்று சர்வதேச உடன்படிக்கையின் 13 ஆம் இணைப்பு கூறுகிறது. தண்டனைக்கு அஞ்சினால் எவரும் நடந்ததை நடந்தபடி சொல்லமாட்டார். உண்மை வெளிவராவிட்டால் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது. குற்றம் புரிந்தவரை விசாரிக்க நீதிமன்றங்கள் வேறாக உள்ளன.

இதன் அருமையை 2002 ஜூலை முதல் தேதி இரவு ஜெர்மனியில் ஊபர்லிங்கன் அருகே நிகழ்ந்த விபத்து உணர்த்துகிறது. ஒரு ருஷ்யப் பிரயாணி விமானத்துக்கும் ஒரு சரக்கு விமானத்துக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி தக்க கட்டளை இட்டது. ருஷ்ய விமானத்தைக் கருவி மேலே ஏறச் சொன்னது. தரையிலிருந்த அதிகாரி கீழே இறங்கச் சொன்னார். விமானி மனிதக் குரலைக் கேட்டார். கருவி சொன்னபடி மற்றதும் இறங்கிற்று. 71 பேர் இறந்தனர். அவர்களில் பலர் பள்ளிச் சிறுவர்கள். அந்த அதிகாரியே காரணம் என்று உலகம் எண்ணிற்று. தம் குடும்பத்தை இழந்த ஒருவர் 2004 பிப்ரவரியில் அவர் வீட்டுக்கே சென்று அவரைக் கொன்றார். முழு அறிக்கை அந்த ஆண்டு மே மாதத்தில்தான் வெளிவந்தது. அவர் அன்றிரவு தனியாளாக இரண்டு இடங்களைக் கவனிக்க விடப்பட்டிருந்தார். பழுதுபார்க்கும் வேலைக்காகத் தொலைபேசி இணைப்பும் மோதலை முன்கூட்டி அறிவிக்கும் ஒளிக்குறியும் நிறுத்தப்பட்டிருந்தன என்று அது கூறிற்று. அவரைக் கொன்ற பிறகு அவருடைய நிலை உலகுக்குத் தெரிந்தது. கருவி ஒன்று கூற, தரைக்குரல் வேறொன்று கூறினால் கருவிக்கே கீழ்ப்படிய வேண்டும் என்னும் விதியும் இதன்பின் ஐயத்துக்கிடமின்றி வற்புறுத்தப்பட்டது.

செய்தியைப் படிக்கும் முறை

ஆதலின் விபத்துச் செய்தியைப் பின்தொடர்கிறவர்கள் சில படிகளை நினைவில் கொள்வது நல்லது. முதல் நாளில் கிடைப்பவை கண்டவர் கூற்றுகளும் ஊகங்களும். முப்பது நாட்களுக்குள் பூர்வாங்க அறிக்கை வர வேண்டும். அதில் கிடைத்த விவரங்கள் இருக்கும், முடிவு இராது. இறுதி அறிக்கை இயன்றால் ஓராண்டுக்குள் வர வேண்டும். பெரிய விபத்துகளில் மேலும் காலம் ஆவதுண்டு. நம் நாட்டில் இப்பணிக்கென விமான விபத்து ஆய்வுப் பணியகம் 2012 இல் நிறுவப்பட்டது.

2025 ஜூன் 12 இல் அகமதாபாத்தில் எழுந்த சில நொடிகளில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையில் இருந்தோரையும் சேர்த்து 260 பேர் மாண்டது நம் நெஞ்சைவிட்டு அகலாது. விமானியின் கடைசி அழைப்பில் இன்னின்ன சொற்கள் இருந்தன என்று முதல் நாட்களில் பல வாசகங்கள் உலவின. ஜூலையில் வெளிவந்த பூர்வாங்க அறிக்கை மும்முறை ஒலித்த ‘மேடே’ என்னும் ஒரு சொல்லையே குறித்தது. அதிகாரி விமானத்தின் அடையாளப் பெயரைக் கேட்டார், பதில் வரவில்லை. பொறிகளுக்கு எரிபொருள் விடும் இரண்டு விசைகளும் ஒரு நொடி இடைவெளியில் அடைந்த நிலைக்கு மாறியதையும், ஏன் அடைத்தீர் என்று ஒரு விமானி கேட்க, நான் அடைக்கவில்லை என்று மற்றவர் கூறியதையும் அறிக்கை குறித்தது. யார் கேட்டார், யார் பதிலளித்தார் என்று அது கூறவில்லை. அறிக்கை சொல்லாததைத் தாமே இட்டு நிரப்பிக்கொண்டவர்கள் பலர். இறந்தவர்களால் மறுமொழி கூற இயலாது என்பதை எண்ணியேனும் நாம் நாவை அடக்குதல் தகும்.

இப்பேச்சுகளை நேரில் கேட்க வேண்டும் என்ற ஆவல் சிலருக்கு எழலாம். அமெரிக்காவில் பொதுமக்கள் கேட்பதற்குத் தடையில்லை. விமான நிலைய வேலிக்கு அப்பால் சிறு ரேடியோவுடன் நிற்பவர்களை அங்கே காணலாம். பிரிட்டனில் தமக்கென அனுப்பப்படாத செய்தியைக் கேட்பது சட்டவிரோதம். நம் நாட்டிலும் கம்பியில்லாக் கருவிகள் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. விதிகளை அறியாமல் இதில் இறங்குவது தகாது. வெளியிடப்பட்ட விசாரணை அறிக்கைகளில் பேச்சுகளின் எழுத்துப்படி பெரும்பாலும் இருக்கும். அவற்றைப் படித்தாலே இக்கலையின் நுட்பம் புலப்படும். ஆபத்துச் செய்திகளைத் தேடிப் படிப்பவர்கள், ஆபத்தின்றி முடியும் ஆயிரமாயிரம் பேச்சுகளும் இதே முறையில்தான் நடந்தன என்பதை மறக்கலாகாது.

மருந்துக் கடையில் அளவைக் கேட்டு வாங்கும்போதும், மருத்துவர் சொன்னதை வீட்டிலுள்ளவர்க்குத் தெரிவிக்கும்போதும், ஊரிலிருந்து வரும் முதியவர்க்கு ரயில் பெட்டியின் எண்ணைத் தொலைபேசியில் சொல்லும்போதும், ‘எங்கே, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. நமக்கு முழுதும் பழகாத மொழிகளிடையே வாழ்கிற நாம் இப்பழக்கத்தை மற்றவர்களைவிட விரைவில் மேற்கொள்ளலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்கையில் விமானம் ஓடுபாதையின் முனையில் சிறிது நேரம் அசையாமல் நின்றால் பொறுமை இழக்க வேண்டாம். முன்னே யாரோ ஒருவர் ஒரு கட்டளையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அதை மற்றொருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.